யார் கொடுத்த முகவரி?

2014 ஜனவரி இறுதியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஓர் ஓட்டை அம்பலமானது. அதைப் பயன்படுத்தும் நிரல்களும் சில நாட்களில் வெளிவந்தன. அவற்றில் ஒன்றை ஓட்டினால் உடனே எதுவும் நடக்காது. 255 விநாடி காத்திருக்கும். மறுபடி 255 விநாடி. பிறகு இன்னொரு 255. ஏறக்குறைய பதின்மூன்று நிமிடம் கழிந்ததும், சாதாரணப் பயனராக உள்ளே வந்தவர் ‘ரூட்’ ஆகிவிடுவார். கணினி முழுதும் அவர் கையில். இடைப்பட்ட நேரத்தில் அந்த நிரல் கடவுச்சொல் எதையும் ஊகித்துக்கொண்டிருக்கவில்லை. கெர்னலின் நினைவகத்தில் மூன்றே மூன்று பைட்டுகளைக் கெர்னலின் கையாலேயே பூஜ்யமாக்கிக்கொண்டிருந்தது.

மூன்று பைட்டுக்கு எதற்குப் பதின்மூன்று நிமிடம் என்று கேட்கத் தோன்றும். அதற்கு முதலில் முகவரி என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நவீன கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் தனியாக ஒரு முகவரிப் பரப்பு உண்டு. 64 பிட் இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் லினக்ஸ் இதைக் கீழ், மேல் என்று பிரித்துவைத்திருக்கிறது. கீழே 128 டெராபைட் பயனர் நிரலுக்கு. மேலே இருப்பது கெர்னலுக்கு. அங்குள்ள முகவரிகளைப் பதினாறடிமான எண்ணாக எழுதினால் முன்னால் எஃப் எழுத்துகள் வரிசையாக நிற்கும். பயனர் நிரல் மேல்பகுதியைத் தொட முயன்றால் பிராசசரே தடுத்துவிடும். அடிப்படையில் கெர்னலுக்குத் தடை கிடையாது. மேலே, கீழே இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம்.

ஒரு நிரல் இணையத்திலிருந்து வந்த தகவலைப் பெற விரும்பினால் கெர்னலை அழைக்கிறது. ‘இந்த சாக்கெட்டில் வந்திருப்பதை எடுத்து, இந்த முகவரியில் வை’ என்று சொல்கிறது. நெட்வொர்க் அட்டையிலிருந்து வந்த பாக்கெட் கெர்னலின் பஃபரில் இருக்கிறது. கெர்னல் அதை நிரல் சொன்ன இடத்தில் நகலெடுத்து வைக்கிறது. நிரல் சொன்ன முகவரி நிரலுக்குச் சொந்தமான கீழ்ப்பகுதியில் இருந்தால் பிரச்சினை இல்லை. வேண்டுமென்றே மேல்பகுதி முகவரி ஒன்றைக் கொடுத்தால்? ஆவணக் காப்பறையின் எல்லாப் பூட்டுக்கும் சாவி வைத்திருக்கும் எழுத்தரிடம் ஒருவர் வந்து, ‘என் ரசீதை ஏழாவது அலமாரி மூன்றாம் தட்டில் வைத்துவிடுங்கள்’ என்கிறார். அந்தத் தட்டில் இருப்பது வேறொருவரின் பத்திரம். வந்தவரால் அந்த அறைக்குள் நுழையவே முடியாது; எழுத்தரால் முடியும். எழுத்தர் யோசிக்காமல் சொன்னதைச் செய்துவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை.

முகவரி என்பது வெறும் எண். அதைக் கெர்னல் தானே கணக்கிட்டுப் பெற்றதா, வெளியாள் நீட்டியதா என்பது அந்த எண்ணில் எழுதியிருக்காது. இந்த ஒரு விஷயம்தான் ஐம்பது ஆண்டுகளாகக் கெர்னல் எழுதுபவர்களைப் படுத்திவைக்கிறது. இது எங்கும் வரலாம் என்றாலும் நெட்வொர்க் பகுதியில்தான் அடர்த்தி அதிகம். ஒரு கோப்பைப் படிக்கும் அழைப்பில் ஒரு முகவரி, ஒரு நீளம், அவ்வளவுதான். ‘சென்ட்-மெசேஜ்’ அழைப்பில் நிரல் கொடுப்பது ஒரு படிவத்தின் முகவரி. அந்தப் படிவத்துக்குள் பெறுநர் விலாசத்துக்கு ஒரு முகவரி, கட்டுப்பாட்டுத் தகவலுக்கு ஒரு முகவரி, தரவுத் துண்டுகளின் பட்டியலுக்கு ஒரு முகவரி. அந்தப் பட்டியலில் 1024 துண்டுகள் வரை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, தனி நீளம். ஒரே அழைப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்கள், ஒன்றையும் நம்ப முடியாது. இதைக் கையாளும் நிரல்வரிகளை ஒவ்வொரு நெட்வொர்க் நெறிமுறைக்கும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் எழுதியிருக்கிறார்கள்.

பழைய யூனிக்ஸில் இந்தச் சிக்கல் ஒரு வகையில் குறைவு. பிடிபி-11/45 கணினியில் கெர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் முகவரி அட்டவணைகள் வேறு வேறு. கெர்னலின் ஆயிரமாவது இடமும் நிரலின் ஆயிரமாவது இடமும் ஒன்றல்ல. நிரலின் நினைவகத்தைத் தொட வேண்டுமென்றால் அதற்கென்றே இருந்த தனிக் கட்டளைகளைப் பயன்படுத்த வேண்டும். மறந்துபோய் நேரடியாகத் தொட்டால் தவறான தகவல் கிடைக்கும், பிழை சோதனையிலேயே தெரிந்துவிடும். லினக்ஸின் முதல் சில ஆண்டுகளிலும் இப்படி ஒரு பிரிவினை இருந்தது. இன்டெல் 386-இன் எஃப்எஸ் என்ற செக்மென்ட் ரெஜிஸ்டர் பயனர் நினைவகத்தைச் சுட்டும். அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

1990-களின் பிற்பகுதியில் லினக்ஸ் இதைக் கைவிட்டது. ஒரே முகவரிப் பரப்பில் மேலே கெர்னல், கீழே நிரல் என்றானது. வேகத்துக்கு இது நல்லது. ஆனால் அதுவரை சோதனையிலேயே அகப்பட்டுவந்த தவறுகள் அன்றிலிருந்து சத்தமில்லாமல் வேலைசெய்ய ஆரம்பித்தன. பயனர் கொடுத்த முகவரியைக் கெர்னல் நேரடியாகத் தொட்டாலும் சரியான தகவலே கிடைக்கும், நேர்மையான பயனர் சரியான முகவரி கொடுக்கும் வரை. சோதனைகளில் எல்லாம் தேறிவிடும். கெட்ட எண்ணம் கொண்டவர் வரும்போதுதான் உடையும்.

பாதுகாப்பாகச் செய்ய வழி இல்லாமல் இல்லை. ‘காப்பி-ஃப்ரம்-யூசர்’, ‘காப்பி-டு-யூசர்’ என்று இரண்டு செயற்கூறுகள். கொடுத்த முகவரியும் நீளமும் பயனர் எல்லைக்குள் அடங்குகின்றனவா என்று முதலில் பார்க்கும். அடங்கினால் நகலெடுக்கும். எல்லைக்குள் இருந்தும் அந்த இடத்தில் நினைவகமே இல்லாமல் இருக்கலாம்; அப்போது பிராசசர் பிழை எழுப்பும். மற்ற இடமாக இருந்தால் கெர்னல் குழம்பிப்போகும். இங்கே குழம்பாது. பயனர் நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு கட்டளையின் இடத்தையும், அங்கே பிழை வந்தால் எங்கே தாவ வேண்டும் என்பதையும் கெர்னல் தொகுக்கப்படும்போதே ஒரு அட்டவணையில் எழுதிவைத்திருக்கிறார்கள். பிழை வந்ததும் அட்டவணையைப் பார்த்துத் தாவி, ‘இத்தனை பைட் நகலாகவில்லை’ என்ற எண்ணோடு திரும்பிவிடும். நல்லபடி நடக்கும் கோடிக்கணக்கான தடவைகளில் இந்த அட்டவணைக்காக ஒரு கட்டளைகூடக் கூடுதலாக ஓடுவதில்லை. கெர்னலில் எனக்குப் பிடித்த ஏற்பாடுகளில் இது ஒன்று. திருப்பித் தரும் எண்ணைத்தான் ரசிக்க முடியவில்லை. லினக்ஸில் பிழை என்றால் எதிர்ம எண் என்பது மரபு. இது மட்டும் மீதி பைட்டுகளின் எண்ணிக்கையை நேர்ம எண்ணாகத் தருகிறது. அதை அப்படியே மேலே அனுப்பிவிட்டுத் தவறு செய்தவர்கள் பலர்.

இப்போது பதின்மூன்று நிமிடக் கதைக்குப் போகலாம். ‘ரிசீவ்-எம்-மெசேஜ்’ என்று ஓர் அழைப்பு உண்டு. ஒரே தடவையில் பல செய்திகளைப் பெறுவதற்கானது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற அளவையும் நிரல் கொடுக்கலாம். நேரத்தை ஒரு முகவரியில் எழுதிவைத்து அந்த முகவரியை நீட்ட வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சமிருக்கும் நேரத்தைக் கெர்னல் அதே இடத்தில் எழுதும்.

2012-இல் லினக்ஸ் 3.4-இல் எக்ஸ்32 என்ற புதிய ஏற்பாடு சேர்ந்தது. 64 பிட் பிராசசரில், முகவரிகளை மட்டும் 32 பிட்டாகச் சுருக்கி நினைவகத்தை மிச்சப்படுத்தும் திட்டம். பழைய 32 பிட் நிரல்களுக்கு நேரத்தின் வடிவத்தை மாற்றிக்கொடுக்க வேண்டியிருந்தது. எக்ஸ்32-இல் அந்த வடிவம் கெர்னல் பயன்படுத்தும் வடிவத்தோடு அப்படியே பொருந்தியது. வடிவம் ஒன்றுதானே, மாற்ற வேண்டியதில்லையே என்று பயனர் கொடுத்த முகவரியை அப்படியே உள்ளே அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருந்த செயற்கூறு எதிர்பார்த்ததோ கெர்னல் ஏற்கெனவே நகலெடுத்து வைத்துக்கொண்ட நேரத்தின் முகவரியை. வடிவம் பொருந்தியது உண்மை. முகவரி யாருடையது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. சி மொழியில் வகைமாற்றம் செய்ய ஒரு அடைப்புக்குறி போதும். அந்த அடைப்புக்குறி கம்பைலரின் வாயை அடைத்துவிட்டது.

எக்ஸ்32 நிரல்கள் நடைமுறையில் அரிது. அது உதவவில்லை, ஏனென்றால் எந்த 64 பிட் நிரலும் அழைப்பு எண்ணில் ஒரு பிட்டை உயர்த்தினால் எக்ஸ்32 வழியாக உள்ளே போகலாம். இந்த வசதியை இயக்கியே வெளியிட்ட விநியோகங்களில் உபுண்டு ஒன்று.

தாக்குபவர் என்ன செய்வார்? நேரத்தின் முகவரியாகக் கெர்னல் நினைவகத்தில் ஓரிடத்தைக் கொடுப்பார். தான் விரும்பிய எண்ணை அங்கே எழுத அவரால் முடியாது. கெர்னல் அந்த இடத்தில் இருப்பதை ‘இத்தனை விநாடி’ என்று படிக்கும், காத்திருக்கும், கழித்து மிச்சத்தை எழுதும். குறைக்க மட்டும்தான் முடியும், அதுவும் விநாடிக்கு ஒன்றாக. கெர்னலில் செயற்கூறுகளின் முகவரிகள் அடங்கிய பட்டியல்கள் நிறைய உண்டு. அந்த முகவரிகளின் உச்சி பைட் 255. அதை விநாடியாகப் படிக்க வைத்து 255 விநாடி காத்தால் பூஜ்யம். அடுத்த பைட், அதற்கடுத்த பைட். மூன்று முடிந்ததும் மேல்பகுதியில் இருந்த முகவரி கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிடும். அங்கே தாக்குபவர் தன் நிரல்வரிகளை முன்கூட்டியே வைத்திருப்பார். கெர்னல் அந்தச் செயற்கூறை அழைக்கும்போது தன் முழு அதிகாரத்தோடு அவருடைய வரிகளை ஓட்டும். இந்த அழைப்பில் இன்னொரு வினோதமும் உண்டு: நேரம் முடிந்ததா என்பதை ஒரு பாக்கெட் வந்த பிறகுதான் பார்க்கும். அது பிழை என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். தாக்குபவருக்கு இதனால் ஒரு சிரமமும் இல்லை, தனக்குத்தானே ஒரு பாக்கெட் அனுப்பிக்கொண்டால் சரி.

இதற்கு மூன்று ஆண்டு முன்னால் நடந்ததில் இவ்வளவு பொறுமை தேவைப்படவில்லை. ஆர்டிஎஸ் என்பது ஆரக்கிள் நிறுவனம் தன் தரவுத்தளக் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கிய நெறிமுறை; 2009-இல் லினக்ஸ் 2.6.30-இல் சேர்ந்தது. பயனர் நினைவகத்துக்கு நகலெடுக்கும் செயற்கூறுகளில் எல்லையைச் சரிபார்க்காத வகையும் உண்டு. ‘ஏற்கெனவே பார்த்துவிட்டேன், திரும்பப் பார்க்க வேண்டாம்’ என்பவர்களுக்கானது. எச்சரிக்கையாகப் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடுகள் இருக்கும். ஆர்டிஎஸ் அந்த வகையைப் பயன்படுத்தியது. முன்னால் எங்கேயும் பார்க்கவில்லை. பெறும் பஃபராகக் கெர்னல் முகவரியைக் கொடுத்துவிட்டு, அனுப்பும் பக்கத்திலும் தானே உட்கார்ந்தால் கெர்னலில் விரும்பிய இடத்தில் விரும்பிய பைட்டுகளை எழுதிவிடலாம். 2010 அக்டோபரில் பாதுகாப்பு ஆய்வாளர் டான் ரோசன்பர்க் இதை வெளிப்படுத்தினார்.

ஆர்டிஎஸ்ஸை உலகில் எத்தனை பேர் பயன்படுத்தியிருப்பார்கள்? பெரிய தரவுத்தள நிலையங்களைத் தவிர்த்தால் யாரும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் எந்தப் பயனரும் ‘எனக்கு ஆர்டிஎஸ் சாக்கெட் வேண்டும்’ என்று கேட்டால், வட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த மாட்யூலைக் கெர்னல் தானாகவே ஏற்றிக்கொள்ளும். வசதிக்காகச் செய்த ஏற்பாடு. ஒருவரும் படிக்காத, ஒருவரும் சோதிக்காத நிரல்வரிகளின் கதவு இதனால் எல்லாப் பயனருக்கும் திறந்தே கிடந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் வெளியான இன்னொரு தாக்குதலில் ஈகோநெட் வருகிறது. 1980-களில் பிரிட்டன் பள்ளிகளில் பிபிசி மைக்ரோ கணினிகளை இணைத்த ஏக்கார்ன் நிறுவனத்தின் நெட்வொர்க் அது. லினக்ஸில் அதற்கும் ஆதரவு இருந்தது, 2010-இலும்.

அந்தத் தாக்குதலை விளக்க முதலில் ‘செட்-எஃப்எஸ்’ பற்றிச் சொல்ல வேண்டும். சில சமயம் கெர்னலே ஒரு செய்தியை அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கான செயற்கூறுகளோ பயனர் முகவரியைத்தான் எதிர்பார்க்கும். கெர்னல் முகவரி கொடுத்தால் எல்லைச் சோதனையில் தோற்கும். எனவே அன்று ஒரு குறுக்குவழி இருந்தது: ‘செட்-எஃப்எஸ்’ மூலம் எல்லையைத் தற்காலிகமாக உயர்த்திக்கொள்வது, வேலை முடிந்ததும் இறக்குவது. எல்லை உயர்ந்திருக்கும் வரை எந்த முகவரியும் செல்லும். எல்லையை இறக்கும் வரிக்கு வராமலே பாதியில் உடைந்தால்?

ஈகோநெட்டில் செய்தி அனுப்பும் பகுதியில், விலாசம் இல்லாமல் அனுப்பினால் உடையும் ஒரு பிழை இருந்தது. கெர்னல் தன் சார்பில் அனுப்பும் வழியாக அதைத் தூண்டினால், எல்லை உயர்ந்திருக்கும் நேரத்தில் உடையும். அப்போது கெர்னல் அந்த நிரலைக் கொன்றுவிடும். சாகும் நிரல் முன்பே ஒரு முகவரி கொடுத்து, ‘நான் முடிந்ததும் இங்கே பூஜ்யம் எழுது’ என்று கேட்டிருக்கலாம். த்ரெட்களுக்காக இருக்கும் நியாயமான வசதி. கெர்னல் அந்தக் கடைசி விருப்பத்தை நிறைவேற்றும். முகவரியைச் சரிபார்த்துத்தான் எழுதும், ஆனால் எல்லை இறக்கப்படவே இல்லை. கெர்னலுக்குள் நான்கு பைட் பூஜ்யம் விழுந்துவிடும். எல்லை இறக்கப்படாமல் போவதைக் கண்டவர் நெல்சன் எல்ஹேஜ். அதை ஈகோநெட் பிழைகளோடு கோத்து முழுத் தாக்குதலாக்கியவர் ரோசன்பர்க். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சில்லறைப் பிழை. ஈகோநெட்டைக் கெர்னலிலிருந்து 2012-இல் தூக்கினார்கள்.

முகவரியைச் சரியாகச் சோதித்தும் ஏமாறலாம். 2005-இல் 32 பிட் நிரல்களுக்கான ‘சென்ட்-மெசேஜ்’ கட்டுப்பாட்டுத் தகவலைப் பயனர் நினைவகத்தில் இரண்டு தடவை படித்தது. மொத்த நீளத்தைக் கூட்டி இடம் ஒதுக்க ஒரு தடவை, நகலெடுக்க இன்னொரு தடவை. இரண்டுக்கும் நடுவில் அதே நிரலின் இன்னொரு த்ரெட், வேறொரு கோரில் ஓடிக்கொண்டு, நீளத்தை மாற்றிவிட்டால் சிறிய இடத்தில் பெரிய தகவல் விழும். முகவரியில் குற்றம் ஏதும் இல்லை. பயனரின் சொந்த இடம்தான். அங்கே எழுதியிருப்பது எந்த நொடியிலும் மாறும் என்பதை மறந்ததுதான் குற்றம். ஒரு தடவை நகலெடு, பிறகு நகலை மட்டும் பார் என்பது அதிலிருந்து கிடைத்த கறாரான விதி.

எதிர்த்திசையிலும் கசிவுகள் உண்டு. சாக்கெட்டின் மறுமுனை விலாசத்தைக் கேட்கும் அழைப்பில், ‘என் பஃபரின் நீளம்’ என்று எதிர்ம எண்ணைக் கொடுத்தால் 2002-இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஏமாந்தது. ‘அதிகபட்ச நீளத்தைவிடச் சிறியதுதானே’ என்று சோதனை தேறும். நகலெடுக்கும்போது அதே எண் பிரம்மாண்டமான நேர்ம எண்ணாக மாறி, கெர்னல் நினைவகம் பெருமளவில் வெளியே கொட்டும். 2003-இல் தெரிந்த இன்னொன்றில் கசிவு கணினியைவிட்டே வெளியேறியது. ஈதர்நெட் சட்டகத்தில் குறைந்தது 46 பைட் தகவல் இருக்க வேண்டும். சிறிய பாக்கெட்டை நிரப்ப பூஜ்யங்களைப் போடுவதற்குப் பதில், பல டிரைவர்கள் பஃபரில் முன்பே கிடந்ததை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தன. பழைய பாக்கெட்டுகளின் துணுக்குகளும் கெர்னலின் துணுக்குகளும் கம்பியில் போய்க்கொண்டிருந்தன.

இத்தனைக்கும் மருந்து என்ன? கவனமாக எழுது என்று சொல்வது மருந்தாகாது. முகவரி யாருடையது என்பதை எங்காவது எழுதிவைத்தாக வேண்டும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் ஸ்பார்ஸ் என்ற கருவியை எழுதினார். பயனர் தந்த முகவரிகளை நிரல்வரியிலேயே குறியிட்டுவைக்க வேண்டும்; குறியுள்ளதை நேரடியாகத் தொட்டாலோ குறியில்லாததோடு கலந்தாலோ அது எச்சரிக்கும். எக்ஸ்32 பிழையில் நடந்தது போன்ற வகைமாற்றத்தையும் அது கண்டுபிடிக்கக் கூடியதே. ஆனால் தனியே ஓட்ட வேண்டும். ஓட்டினாலும் ஆயிரம் எச்சரிக்கைகளுக்கு நடுவில் ஒன்றை யார் பார்ப்பது?

வன்பொருளும் கைகொடுத்தது. பயனர் பகுதியிலுள்ள நிரல்வரிகளைக் கெர்னல் ஓட்டவே முடியாதபடி இன்டெல் 2012-இல் ஒரு பூட்டு போட்டது. பதின்மூன்று நிமிட நிரலின் கடைசிப் படி அங்கே நின்றுவிடும். 2014-இல் பிராட்வெல் வரிசையில் வந்த எஸ்மாப் இன்னும் கறார்: பயனர் நினைவகத்தைக் கெர்னல் தொடவே கூடாது. தொட வேண்டுமென்றால் ஒரு கட்டளையால் பூட்டைத் திறந்து, நகலெடுத்து, இன்னொரு கட்டளையால் மூட வேண்டும். ‘காப்பி-ஃப்ரம்-யூசர்’ இதைத் தானே செய்துகொள்ளும். மறந்துபோய் நேரடியாகத் தொடுபவர்கள் அங்கேயே அகப்படுவார்கள். பிடிபி-11 இலவசமாகத் தந்ததை நாற்பது ஆண்டு சுற்றிவந்து திரும்ப வாங்கியிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றும். முழுதாக அல்ல. கெர்னல் முகவரியைப் பயனர் முகவரி என்று நீட்டினால் எஸ்மாப் ஒன்றும் சொல்லாது. அங்கே எல்லைச் சோதனைதான் ஒரே காவல்.

‘செட்-எஃப்எஸ்’ஸை அகற்றும் வேலையைக் கெர்னல் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் முன்னெடுத்தார். 2020 இறுதியில் 5.10-இல் எக்ஸ்86-ஐ விட்டுப் போனது; மற்ற எல்லா வகைக் கணினிகளையும் விட்டுப் போக 2022-இல் 5.18 வரை ஆனது. சிரமமான இடங்களில் ஒன்று, சாக்கெட்டின் விருப்பங்களை அமைக்கும் ‘செட்-சாக்-ஆப்ட்’. பயனரும் அழைப்பார், கெர்னலுக்குள் ஓடும் பிபிஎஃப் என்ற சிறு நிரல்களும் அதன் வழியில் குறுக்கிட்டுத் தகவலை மாற்றித் தரும். அதற்காக ஹெல்விக் ‘சாக்-பிடிஆர்’ என்ற புதிய வகையை உருவாக்கினார். ஒரு முகவரி, கூடவே ‘இது கெர்னலுடையதா’ என்று சொல்லும் ஒரு பிட். அந்தப் பிட்டையும் மிச்சப்படுத்தி, முகவரி எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை வைத்தே முடிவுசெய்யலாம் என்று இடையில் ஒரு முயற்சி நடந்தது. சிக்கல்கள் வந்து, 2020 ஆகஸ்டிலேயே திரும்பப் பெற்றார்கள். எண்ணைப் பார்த்து உரிமையாளரை ஊகிப்பதுதானே இந்தப் பழைய நோயின் மூலமே.

பிட் வந்த பிறகும் ஒரு மிச்சம் இருந்தது. பல நெறிமுறைகளின் நிரல்வரிகள், பயனர் சொன்ன நீளத்தைப் பார்க்காமலேயே தங்கள் படிவத்தின் முழு அளவுக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தன. நான்கு பைட் கொடுத்தவரிடமிருந்து நாற்பது பைட் படிப்பது அதுவரை பெரிய பாதகமில்லை. அதிகமாகப் படித்ததும் அந்தப் பயனரின் நினைவகம்தான், அவருக்கே தெரிந்த விஷயம்தான். பிபிஎஃப் குறுக்கிடும்போதோ கெர்னல் சரியாக அந்த நான்கு பைட்டை மட்டும் தன் பஃபருக்கு நகலெடுத்து, அந்தப் பஃபரின் முகவரியை உள்ளே அனுப்புகிறது. அதே வரி இப்போது கெர்னலின் பஃபரைத் தாண்டிக் கெர்னலின் மற்ற தகவலைப் படிக்கிறது. வரி மாறவில்லை; முகவரியின் உரிமையாளர் மாறியிருக்கிறார். கெர்னலைத் தாறுமாறான அழைப்புகளால் இரவுபகலாக மோதிக்கொண்டிருக்கும் சிஸ்பாட் என்ற தானியங்கி இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடித்தது. 2024 ஏப்ரலில் கெர்னல் நிரலாளர் எரிக் டுமாஸே, பாக்கெட்டுகளை வடிகட்டும் நெட்ஃபில்டரைத் திருத்தினார்; புளூடூத்தின் பல கிளைகளிலும் அதே மாதம் திருத்தம் போனது. பயனர் சொன்ன நீளத்தையும் வாங்கிக்கொண்டு, அது போதாவிட்டால் மறுத்துவிடும் ஒரு புதிய செயற்கூறு சேர்ந்தது. அதைப் பயன்படுத்தும்படி என்எஃப்சியின் வரிகளை மாற்றினார்கள். கூடவே ஐஎஸ்டிஎன் தொலைபேசி இணைப்புக்கான வரிகளையும். 2024-இல் அதுவும் கெர்னலில்தான் இருந்தது.